"உங்க காதோட இருக்கட்டும்"

அந்தப் பள்ளியின் மனநல ஆலோசகரைப் பிள்ளைகள் 'கதவு மிஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் தன் அறைக் கதவைச் சாத்தியதே கிடையாது. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தியை அவள் அம்மா அழைத்துவந்த அன்று மட்டும் சாத்தினார். அம்மா கேட்டுக்கொண்டதால்.

"இவளுக்கு வலிப்பு வரும் மேடம். உங்க காதோட இருக்கட்டும். வெளிய தெரிஞ்சா எம்பொண்ணு வாழ்க்கையே போச்சு."

பெண் தலை குனிந்து நகம் கடித்தாள். "உனக்கு என்னம்மா தோணுது?" என்று ஆலோசகர் கேட்டார்.

"அவளுக்கு என்ன தெரியும்?" என்றார் அம்மா.

ஆலோசகர் சொல்ல வந்ததை மென்று விழுங்கினார்.

சில வாரம் கழித்து, இடைவேளையில் அந்தப் பெண்ணே வந்து நிலைப்படியில் சாய்ந்துகொண்டாள். "மாத்திரையை விட்டுட்டேன் மிஸ். போட்டா தூக்கம் தூக்கமா வருது, எல்லாரும் தூங்குமூஞ்சிங்கிறாங்க. இப்பப் பாருங்க, ஜம்முன்னு இருக்கேன்!"

மணி அடித்தது. கூப்பிடக் கூப்பிட ஓடிவிட்டாள்.

ஆலோசகர் அவள் அம்மாவுக்குப் போன் போட்டார், எடுக்கவில்லை. சுவரிலிருந்த பாடவேளை அட்டவணை கண்ணில் பட்டது. ஒன்பதாம் வகுப்புக்கு அடுத்தது நீச்சல்.

செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் ஓடினார். பள்ளி நீச்சல்குளத்தில் ஒரே கும்மாளம். அவள் மட்டும் விளிம்பில் வெறித்தபடி நின்றாள். விரல்கள் நீச்சலுடையின் ஓரத்தை இழுத்து இழுத்து விட்டன. கூப்பிட்டும் திரும்பவில்லை. அப்படியே சரிந்து தண்ணீருக்குள் போனாள். நடிக்கிறாள் என்று தோழிகள் கைதட்டிச் சிரித்தார்கள்.

"விளையாட்டு இல்ல, வலிப்பு! இறங்குங்க சார்!" என்று ஆலோசகர் கத்தினார்.

நீச்சல் பயிற்சியாளர் குதித்து அவள் தலையை நீருக்கு மேலே தாங்கிப் பிடித்தார். கரையில் ஒருக்களித்துப் படுக்கவைத்தபோது உதடு நீலம் பாரித்திருந்தது. பிறகு அவள் இருமினாள்.

மருத்துவமனையில் அம்மா சீறினார். "ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சிட்டீங்களே!" சொன்ன வாய் மூடுமுன் ஆலோசகரின் தோளிலேயே விழுந்து அழுதார்.

டாக்டர்கள் தூக்கம் வராத வேறு மாத்திரை எழுதித் தந்தார்கள். பள்ளிக்குத் திரும்பிய பெண், "வகுப்புல நானே சொல்றேன் மிஸ். நீங்க சும்மா பக்கத்துல நில்லுங்க" என்றாள். குரல் நடுங்க நடுங்கச் சொல்லி முடித்தாள். கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி கேட்டாள்: "மறுபடி வந்தா நாங்க என்னடி செய்யணும்?"

வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்த தலைமையாசிரியர் ஆலோசகரை ஓரமாக அழைத்தார். "இந்த மாதிரி பிள்ளைங்க இன்னும் யார் யாருன்னு சொல்லுங்க. வேற பள்ளிக்கு அனுப்பிடலாம்."

"அனுப்பினா இனி ஒருத்தரும் வாய் திறக்க மாட்டாங்க சார். எங்கிட்டகூடச் சொல்லாம எத்தனை பேர் இருக்காங்களோ, எனக்கு அந்தப் பயந்தான்."

தலைமையாசிரியர் படியிறங்கிப் போனார். குளத்தில் வேறொரு வகுப்பு இறங்கிக்கொண்டிருந்தது. ஆலோசகர் கரையோரம் போய் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.