முபீனா வீட்டில் நான்கு நாள் கேமரா

விண்ணப்பம் போட்டது இலியாஸ். கம்பெனிப் பேருந்து ஓட்டும் அவனுக்குத் தொலைக்காட்சியில் தன் முகம் வரவேண்டும் என்று நெடுநாள் ஆசை. ஒரு குடும்பத்தோடு நான்கு நாள் தங்கிப் படம் பிடிக்கும் நிகழ்ச்சியில் அவர்களைத் தேர்ந்தெடுத்துவிட்டதாகச் சென்னையிலிருந்து அழைப்பு வந்தது. அவன் பாகலூர் சாலை முழுக்கச் சொல்லித் தீர்த்த பிறகுதான் மனைவி முபீனாவுக்கே தெரிந்தது.

முபீனாவுக்கு நாற்பத்தொரு வயது. சூளகிரியில் பிறந்து, பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். ஓசூரில் வண்டிகளுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் பதினான்கு வருடமாகச் சோதனைப் பிரிவில் இருக்கிறாள். வெளியே போகும்போது புர்கா, கம்பெனிக்குள் நீலக் கோட்டு, வீட்டில் நைட்டி. ஒரே மகள் அஃப்ஷான் தினமும் பேருந்தேறி நர்சிங் கல்லூரிக்குப் போய்வந்தாள்.

முதல் நாளே தகராறு. நிகழ்ச்சிப் பொறுப்பாளர் தமிழரசன் அடுப்படிக்கு வந்து, "மேடம், சமைக்கிறப்ப புர்கா போட்டுக்கங்க. அப்பதான் தெரியும்" என்றார்.

"என்ன தெரியணும்?"

"நீங்க யாருன்னு."

"அடுப்புகிட்ட யாராச்சும் புர்கா போடுவாங்களா சார்? பத்திக்கும்."

அவர் சிரித்தார். கேமரா சிரிக்கவில்லை.

மறுநாள் மாலை அவள் அஸர் தொழுது எழுந்ததும், வெளிச்சம் சரியில்லை, இன்னொரு தடவை தொழ முடியுமா என்று கேட்டார்கள். "தொழுதாச்சு. மறுபடி எதுக்கு?" என்று பாயைச் சுருட்டினாள். இலியாஸ் அதை வாங்கி மறுபடி விரித்து, அவளுக்குப் பதிலாகத் தானே தொழுதான். தொழும் திசையை விட்டு, அவர்கள் சொன்ன பக்கமாகக்கூட லேசாகத் திரும்பிக்கொண்டான்.

"அல்லாவுக்குத் தொழுதீங்களா, கேமராவுக்கா?" என்று கேட்டாள்.

மூன்று வாரம் கழித்து ஒளிபரப்பானது. மேளச் சத்தத்தோடு இலியாஸ் கையை உயர்த்தி மகளிடம் கத்துகிறான். அவர்கள் வீட்டு உருதுவில், "பாஹர் நக்கோ ஜா, குத்தா சுட்யா!" என்றான் அவன். வெளியே போகாதே, நாய் அவிழ்ந்து நிற்கிறது என்று அர்த்தம். படம் பிடித்த அன்று காலையில் எதிர்வீட்டு நாய் இரண்டு பேரைக் கடித்திருந்தது. திரையின் அடியில் ஓடிய தமிழ் எழுத்து வேறு: 'பொம்பளப் பிள்ளை வாசல் தாண்டக் கூடாது.' அஃப்ஷான் செருப்பைக் கழற்றித் திரும்புவதை மூன்று முறை மெதுவாகக் காட்டினார்கள். பிறகு, கம்பெனி வண்டி வருகிறதா என்று ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்த முபீனாவின் முகம். அவள் ஏதோ சிறையில் இருப்பதைப் போலத் தொகுப்பாளர் பெருமூச்சு விட்டார்.

அஃப்ஷான் பாதியில் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் கம்பெனியில் சூப்பர்வைசர் பொன்னுசாமி, "ஓவர்டைம் பாக்க ஊட்டுக்காரரு உடுவாராம்மா?" என்று கேட்டார். பதினான்கு வருடத்தில் ஓவர்டைம் பார்க்காத மாதமே அவளுக்கு இல்லை. கேலியைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். அவர் நிஜமாகவே இரக்கப்பட்டார். அதைத்தான் பொறுக்க முடியவில்லை. மாலையில் பள்ளிவாசல் பக்கமிருந்து ஒருவர் போன் செய்து, பெண்களை நைட்டியோடு ஊருக்குக் காட்டலாமா என்று சத்தம் போட்டார். போனை அணைத்தாள்.

மூன்றாம் நாள் கேன்டீனில் பொறுமை போய்விட்டது. செல்போனில் அந்த வீடியோத் துண்டை ஓடவிட்டு, முன்பு பேரிகை சந்தையில் காய் விற்றுப் பழகி எல்லா மொழியும் அறிந்த கேன்டீன்காரி நஞ்சம்மாவின் முன்னால் நீட்டினாள்.

"அக்கா, இவரு என்ன சொல்றாரு? நீயே சொல்லு."

நஞ்சம்மா இரண்டு முறை கேட்டாள். "நாய் அவுந்துகிட்டு கீது, வெளிய போவாதங்கறாரு. கீழ வேற என்னமோ எழுதிக்கிறான் இந்தப் பேமானி!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஆனால் கூட வேலை செய்யும் கவிப்ரியா, "டிவில அப்படியா பொய் போடுவாங்க?" என்று பக்கத்திலிருந்தவளிடம் முணுமுணுத்தது முபீனாவின் காதில் விழுந்தது.

அந்த வாரமே தமிழரசன் மறுபடி அழைத்தார். சிறப்பு நிகழ்ச்சியாம். மேடையில் வந்து அவள் தன் கஷ்டத்தைச் சொல்ல வேண்டுமாம். "மனசு விட்டுப் பேசுங்க மேடம். அழுகை வந்தா அழுங்க, நாங்க பாத்துக்கறோம்."

"என் பொண்ணு நாயப் பாத்துத் திரும்புனா. அத வெச்சு எங்க தீனையே, மார்க்கத்தையே திரிச்சியே, நீ சோறுதான திங்கற? இனி கேமரா தூக்கிக்கிட்டு இந்தத் தெருப் பக்கம் வந்த, கால ஒடைப்பேன்."

"அக்ரிமென்ட்ல உங்க சார் கையெழுத்துப் போட்டிருக்காரு" என்றார் அவர், குரல் மாறாமல். அவள் துண்டித்தாள்.

"இப்படிப் பேசுனியே, இதையும் போட்டுருவாங்க" என்றான் இலியாஸ் பயந்தபடி.

"போடட்டும். நீங்க மறுபடி பாய் விரிங்க, போங்க."

அதன் பிறகு பன்னிரண்டு நாள் அவனோடு அவள் பேசவில்லை. சோறு வைத்தாள், துணி துவைத்தாள், அவ்வளவுதான். பதின்மூன்றாம் நாள் காலை அவன் அடுப்படி வாசலில் வந்து நின்றான்.

"தப்புதான் முபீனா."

"எங்கிட்ட சொல்லி என்ன ஆவப்போவுது? அவகிட்ட சொல்லுங்க."

அஃப்ஷான் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தாள். பேருந்தில் இரண்டு பையன்கள் 'வாசல் தாண்டிட்டியா' என்று கேட்டதிலிருந்து அவள் அரைமணி முன்னதாகவே வேறு வண்டியில் போகத் தொடங்கியிருந்தாள். இலியாஸ் அருகே உட்கார்ந்து, "பேட்டி..." என்று மகளை உருதுவில் அழைத்து ஆரம்பித்தான்.

"பஸ் போயிரும்ப்பா" என்று அவள் பையை மாட்டிக்கொண்டு நடந்தாள்.