ஏற்றத்தில் இழுக்காத கார்

எனக்கு வாய் நீளம். மற்றவர்கள் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இருபது வருஷமாகப் பிள்ளைகளை அதட்டிய தொண்டை. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தச் சுருதி இறங்காது. என் வீட்டுக்காரர் வேலை மாற்றலாகி ஜபல்பூரில் இருக்கிறார், புண்ணியம் செய்தவர். இந்த மராத்தி ஊரில், வாகட் ஃபிளாட்டில் என்னிடம் அகப்பட்டுக்கொண்டது என் மகள்தான்.

அவளுக்கு இருபத்து மூன்று வயது. எஞ்சினியரிங் முடித்து, நாலு இடத்தில் இன்டர்வியூ போய், கடைசியில் சிர்வல் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலை கிடைத்தது. காலை ஏழு மணிக்கு ஷிஃப்ட். கம்பெனி பஸ் எங்கள் பக்கம் வராது. அவள் இரண்டு தடவை தோற்று, மூன்றாவது தடவையில் லைசென்ஸ் வாங்கியிருந்தாள். வீட்டில் ஒரு பழைய டீசல் கார் இருந்தது. நான் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளவே இல்லை. ஆக, அவள் ஓட்டினால் வேலை உண்டு, ஓட்டாவிட்டால் இல்லை. வேலைக்கு வருகிறாளா இல்லையா என்று மறு திங்கட்கிழமைக்குள் பதில் எழுத வேண்டும்.

அதற்கு எட்டு நாள் முந்திய ஞாயிற்றுக்கிழமை, பாதை பழகட்டும் என்று இருவரும் கிளம்பினோம். பைபாஸில் நன்றாகத்தான் போனது. காத்ரஜ் புதுச் சுரங்கப்பாதைக்கு முன்னால் நீளமாக ஓர் ஏற்றம் வரும். அங்கே கார் முனக ஆரம்பித்தது. நாற்பது, முப்பத்தைந்து, முப்பது. பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.

"ஏட்டி, மிதிட்டி! காலை எங்க வச்சிருக்க?"

"ஃபுல்லா ப்ரெஸ் பண்ணிருக்கேன்மா. கார் போக மாட்டேங்குது."

"ஆமா, ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். ரெண்டு தடவ ஃபெயிலாக்குனவன் சும்மாவா ஃபெயிலாக்குனான்? கியர மாத்துட்டி, சவத்து மூதி!"

அவள் கியரை இறக்கிப் பார்த்தாள். லாரிகள் இரண்டு பக்கமும் உரசிக்கொண்டு போக, சுரங்கத்தை ஊர்ந்து கடந்து, திரும்பி வந்தோம். வீட்டுக்கு வந்ததும் சாவியை ஃப்ரிட்ஜ் மேல் வைத்தாள்.

"நான் அங்க ஜாயின் பண்ணல. எனக்கு ஓட்ட வராது. நீ சொன்னது கரெக்ட்தான்மா."

சண்டை போட்டிருந்தால் சமாளித்திருப்பேன். அவள் ஒப்புக்கொண்டுவிட்டாள். அதுதான் எனக்குத் திக்கென்றது. போய் "சும்மா சொன்னேன்டி" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை. தோசை இரண்டு அதிகமாக ஊற்றி வைத்தேன். அவள் தொடவில்லை.

செவ்வாய்க்கிழமை பள்ளி விட்டதும், பக்கத்து கேரேஜ்காரரை வரச் சொன்னேன். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து வந்தார். "டர்போ கேலா, காக்கு" என்றார், சித்தி என்று கூப்பிடுவது போல மராத்தியில். டர்போ போய்விட்டதாம். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கிற சின்ன விசிறி அது. அந்த அழுத்தம் இல்லாவிட்டால் ஏற்றத்தில் வண்டி இழுக்காது, புதுசு போட வேண்டும் என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். புதிதாக ஓட்டுகிறவர்கள் கையில் கொடுத்தால் இப்படித்தான் ஆகும் என்று மராத்தியில் இழுத்தார். நானும் தலையாட்டினேன். என் மகள் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது.

ஆனால் அவள் படிப்பு சும்மா இருக்கவில்லை. "கறுப்புப் புகை வருதா? எண்ணெய் ஒழுகுதா? விசிறியில கீச்சுச் சத்தம் இருக்கா?" என்று வரிசையாகக் கேட்டாள். மூன்றுக்கும் இல்லை என்றார். "அப்புறம் எப்படி டர்போ போச்சுன்னு சொல்றீங்க?" அனுபவம் என்றார். அனுபவத்துக்கு அவள் தலையாட்டவில்லை.

கல்லூரித் தோழியிடம் போய், தீப்பெட்டி அளவில் ஒரு கருவியை வாங்கி வந்தாள். ஸ்டியரிங்குக்கு அடியில் அதைச் செருகினால், எஞ்சின் என்ன நினைக்கிறது என்று போனில் தெரியுமாம். சனிக்கிழமை காலை என்னை எழுப்பினாள்.

"மா, நீ நம்பர் படிக்கணும். நான் ஓட்டணும், வேற ஆள் இல்ல. ஆனா ஏத்தத்துக்குப் போக மாட்டேன், சமதளமா இருக்கிற ராவேத் ரோடு மட்டும்தான்."

ஆறு நாள் கழித்து அவள் சாவியை எடுத்தாள். எனக்கு உள்ளூரக் குளிர்ந்தது, வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

போனில் இரண்டு எண்கள் ஓடின. ஒன்று எஞ்சின் கேட்கிற அழுத்தம், மற்றது வந்து சேர்கிற அழுத்தம். காலியான ரோட்டில் அவள் மூன்றாவது கியரில் அழுத்தி மிதித்தாள்.

"கேக்குறது ஒண்ணு புள்ளி எட்டு. வாரது ஒண்ணு."

"திரும்பப் படி."

"கேக்குறது ஒண்ணு புள்ளி எட்டு. வாரது ஒண்ணேதான்டி. நகரவே மாட்டேங்கு."

"ஒண்ணுன்னா வெளியில இருக்கிற காத்து, அவ்வளவுதான். டர்போ ஒண்ணுமே தள்ளல." ஓரமாக நிறுத்தினாள். "அப்போ ரெண்டுல ஒண்ணு. தள்ளுற காத்து எங்கயோ லீக் ஆகுது. இல்லன்னா, தள்ளுன்னு சொல்றதே டர்போவுக்குப் போய்ச் சேரல."

கணக்கு டீச்சருக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. என் வகுப்பில் நாலு பிள்ளைகள் இப்படி யோசித்தால் நான் ஏன் கத்தப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டு பார்க்கிங்கில் பானெட்டைத் திறந்தாள். முதலில் பெரிய காற்றுக் குழாய்களை டார்ச் அடித்துத் தடவிப் பார்த்தாள். வெடிப்பில்லை, எண்ணெய்ப் பிசுக்கில்லை. அப்புறம் டர்போவின் பக்கவாட்டில் இருந்த ஒரு மெல்லிய கம்பியைக் காட்டினாள். வண்டியை ஸ்டார்ட் செய்ததும் அது மேலே ஏற வேண்டும், எஞ்சின் ஒரு சன்னக் குழாய் வழியாகக் காற்றை உறிஞ்சி அதை இழுக்கும், அப்போதுதான் டர்போ தள்ளும், அதைப் பார்த்துக்கொண்டே இரு என்றாள். ஸ்டார்ட் செய்தாள். கம்பி செத்த பல்லி மாதிரி அப்படியே கிடந்தது.

"அசையலட்டி!"

எஞ்சினை அணைத்துவிட்டு ஓடி வந்தாள். அந்தச் சன்னக் குழாயை விரலால் தொட்டுத் தொட்டுப் பின்தொடர்ந்தாள். பாதி வழியில் விரல் நின்றது. குழாயைச் சுற்றி இரண்டு சுற்று நூல். இறுக்கமான முடிச்சு. நூல் இறுகி, பழைய ரப்பர் உள்ளே அமுங்கி, குழாய் வாய்மூடிக் கிடந்தது.

"இது என்னம்மா? யார் கட்டினது?"

எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மஞ்சள் தடவிய நூல். அதில் காய்ந்துபோன செவ்வந்திக் காம்பு ஒன்று இன்னும் தொங்கியது. அந்த முடிச்சு என் முடிச்சு.

ஆயுத பூஜை அன்றைக்கு அவள் ஊரில் இல்லை. எங்கள் குடியிருப்புச் சொசைட்டியில் எல்லாரும் வண்டியின் முகத்துக்கு மாலை போட்டுப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார்கள். முகத்துக்கு மட்டும் பூ வைத்தால், உள்ளே வேலை செய்கிறதுக்கு யார் வைப்பார்கள் என்று எனக்குப் பட்டது. வாட்ச்மேனைக் கூப்பிட்டு பானெட்டைத் திறக்கச் சொல்லி, எஞ்சினுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, ஒரு சின்ன மாலை கட்டினேன். கட்டுவதற்கு வாகாக மெல்லிசாய் ஒரு குழாய் இருந்தது. வண்டி குலுங்கினால் அவிழ்ந்துவிடக் கூடாதே என்று பல்லைக் கடித்து இழுத்து முடிந்தேன். பூ உதிர்ந்து போயிற்று, நூல் நின்றுவிட்டது. எஞ்சின் சூட்டில் ரப்பர் இளகி, கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கியிருக்கிறது.

அவள் இன்னும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேரேஜ்காரன் கட்டியிருப்பான் என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவளும் நம்பியிருப்பாள்.

"நான்தாம்ட்டி கட்டுனேன். பூஜைக்கு. பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு சொல்லுவாங்களே, அது நான்தான். உன்னை அன்னைக்கு அவ்வளவு பேச்சு பேசுனேனே, பாவி."

சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் அப்படியே பார்க்கிங் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்போ... நான் இல்லையா?"

"நீ இல்லட்டி."

"என் ட்ரைவிங் இல்லையா?"

"இல்லவே இல்ல. மன்னிச்சுக்கோ."

முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். ஒரு வாரமாக அவள் அதை எங்கே வைத்திருந்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். பால் பாக்கெட்டோடு போன மாடிவீட்டு அம்மாள் எங்களைப் பார்த்துவிட்டுப் பேசாமல் லிஃப்டில் ஏறிக்கொண்டார்.

அமுங்கிய இடத்தில் குழாய் வெடித்திருந்தது. கேரேஜ்காரர் ஒரு முழம் புதுக் குழாய் போட்டுக்கொடுத்தார். ஸ்டார்ட் செய்ததும் கம்பி சடக்கென்று மேலே ஏறியது. நூலைக் கையில் எடுத்து, இதை யார் கட்டியது என்று கேட்டார். மகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "சாமி கட்டினது" என்று மராத்தியில் சொல்லிவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் ஞாயிறு. அதே பைபாஸில் போனோம். ஏற்றம் தொடங்குகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், சர்வீஸ் ரோட்டில் ஒரு டீக்கடை பக்கம் வண்டியை நிறுத்தினாள்.

"மா, இங்க இறங்கு."

"எதுக்குட்டி? நம்பர் யாரு படிக்கது?"

"நம்பர் வேண்டாம். நீ பக்கத்துல இருந்தா எனக்கு உன் வாய் மட்டும்தான் கேக்கும். எஞ்சின் கேக்காது. நான் தனியாப் போய்ட்டு வரேன்."

சுரீரென்றது. ஆனால் சொன்னதில் பொய் இல்லையே. இறங்கினேன். வண்டி மேலே போய், லாரிகளுக்கு நடுவில் மறைந்தது.

டீயை வாங்கினேன், குடிக்கவில்லை. வண்டி சரியாகிவிட்டது என்று எனக்குத் தெரியும். அவள் சரியாகிவிட்டாளா என்றுதான் தெரியாது. நடுவழியில் பயந்துவிட்டால்? பின்னால் எவனாவது ஹாரன் அடித்தால்? நான் சொன்னதெல்லாம் அவள் காதில் திரும்ப ஒலித்தால்? நாலு தடவை போனை எடுத்தேன், நாலு தடவையும் உள்ளே வைத்தேன். கால் மணி ஆனது, அரை மணி ஆனது. டீக்கடைக்காரர், பஸ்ஸுக்கு நிற்கிறீர்களா, இங்கே பஸ் நிற்காது என்றார்.

சற்றுத் தள்ளியிருந்த பாலத்துக்கு அடியில் திரும்பி எங்கள் கார் வந்தது. எனக்கு முன்னால் நிறுத்திக் கண்ணாடியை இறக்கினாள். முகமெல்லாம் வேர்வை.

"ஏறுச்சாட்டி?"

"தர்ட் கியர்ல அறுபது. ஒரு ட்ரக்கை ஓவர்டேக் கூட பண்ணேன்மா!" மூச்சு வாங்கினாள். "டனல் தாண்டி ஒரு தாபால நிறுத்தி, மெயில் போட்டுட்டேன். ஜாயின் பண்றேன்னு."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதைப் பார்த்து அவள் சிரித்தாள். கையை நீட்டி என் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டாள்.

"வா, கம்பெனி கேட் வரைக்கும் போலாம். வேணும்னா கத்திக்கோ, எனக்கு இப்போ எஞ்சின் கேக்குது."