ஐம்பத்து மூன்று வயசுப் பச்சை முக்காடு

சீனத்தில் எங்கள் தோங்சின் ஊரில் ஒரு முஸ்லிம் பெண்ணிடம் வயசைக் கேட்க வேண்டாம். தலையைப் பார்த்தால் போதும். பச்சை முக்காடு என்றால் கல்யாணமாகாதவள், கறுப்பு என்றால் ஒருவன் மனைவி, வெள்ளை என்றால் பேரன் பேத்தி கண்டவள். என் வீட்டுக்காரரின் அக்கா, பெயர் சைஃபியே, எனக்கு மதினி, ஐம்பத்து மூன்று வயசில் பச்சை முக்காட்டோடு சந்தைக்குப் போவார். அதுவும் சும்மா பச்சையா? ஓரமெல்லாம் தங்க நூல், காதோரம் பூ வேறு!

"கிளி வருது, வழி விடுங்கடி" என்று கறிக்கடைப் பெண்கள் சிரிப்பார்கள்.

"கிளிக்கு எலும்பில்லாத கறியா ஒரு கிலோ போடு" என்பார் மதினி. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

பத்தொன்பது வயசில், ஒரே குளிர்காலத்தில் தாய் தகப்பனை இழந்தவர். தம்பிக்கு அப்போது ஏழு. பெண் கேட்டு வந்தவர்களிடம், "இவனும் கூட வருவான், சம்மதமா?" என்று கேட்பாராம். போனவர்கள் திரும்பி வரவில்லை. அந்தத் தம்பியைத்தான் நான் கட்டினேன். என் மகள் சூயுன்னுக்குத் தலை வாரியதும் தொழக் கற்றுக்கொடுத்ததும் மதினிதான். நான் பெற்றதோடு சரி.

சூயுன்னுக்குக் கல்யாணம் கூடியபோது சம்பந்தியம்மா தேநீர்க் கோப்பையை மூடி வைத்துவிட்டுச் சொன்னாள்: "உங்க மதினி வெள்ளை போட்டுக்கட்டும். இல்லன்னா சபையில வேண்டாம். கல்யாணப் பொண்ணு யாருன்னு எங்க ஆளுங்க கேலி பண்ணுவாங்க."

நானும் சரி என்றேன். மறுநாளே நல்ல வெள்ளைத் துணி வாங்கி, இடுப்பு வரை தொங்கும்படி முக்காடு தைத்து நீட்டினேன்.

"யாருக்குடி இது?"

"உங்களுக்குத்தான் மதினி. ஒரே ஒரு நாளைக்கு."

"எனக்கு எந்தப் பேத்தி பொறந்தா?"

"தலையை மூடச் சொன்னது அல்லாஹ். கலரு ஊரு வச்சதுதானே? என்ன குடி முழுகிப் போகுது?"

"கலரு ஊரு வச்சதுதான். ஆனா அஞ்சு வேளையும் இந்தத் தலையை அவன் முன்னாடி தரையில வைக்கிறேன். அதுல போய் பொய்யைச் சுத்திக்கிட்டு நிக்கச் சொல்றியா?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "சபையில வேண்டாங்கிறாங்களா? அதைச் சொல்லேன். யாராவது எண்ணெய் ரொட்டி சுட வேணாமா? நான் அடுக்களையிலயே இருந்துக்கிறேன்."

அப்படியே இருந்தார். இமாம் நிக்காஹ் ஓதினார், பேரீச்சம்பழமும் வால்நட்டும் வாரி இறைத்தார்கள், எல்லோரும் விழுந்து பொறுக்கினார்கள். வண்டியில் ஏறும்போது சூயுன், "அத்தை எங்கம்மா?" என்று கேட்டாள். "அடுப்புல எண்ணெய் காயுது, நேரமாச்சு, ஏறு" என்று தள்ளி அனுப்பினேன். அடுக்களைக்குப் போனால், மாவுக் கையோடு ஜன்னல் வழியாக வண்டி போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார் மதினி. பாவி நான்! இன்றைக்கு நினைத்தாலும் நெஞ்சை அறுக்கிறது.

அடுத்த வருஷம் சூயுன்னுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நாற்பது நாள் கழிந்ததும் தூக்கிக்கொண்டு வந்தாள், கூடவே சம்பந்தியம்மாவும். நான் கையை நீட்டினேன். மகள் என்னைத் தாண்டிப் போய், குழந்தையை மதினி மடியில் வைத்தாள்.

"உங்க பேத்தி அத்தை. என்னை வளர்த்தது நீங்க, அப்ப இவளுக்குப் பாட்டி யாரு?" என்றாள். சம்பந்தியம்மா பக்கம் திரும்பி, "சரிதானே அத்தை?" என்று வேறு கேட்டாள். அந்த அம்மா தலையாட்டினாள். ஆட்டாமல் என்ன செய்வாள்!

மதினி குழந்தையின் உள்ளங்காலை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார்.

மறுநாள் விடியல் தொழுகைக்குக் கைகால் முகம் கழுவி ஒளுச் செய்துவிட்டு என் அறை வாசலில் வந்து நின்றார். "அந்த வெள்ளை இருக்கா, இல்ல வெட்டிக் கைத்துணி ஆக்கிட்டியா?"

நானே போட்டுவிட்டேன். தாடைக்குக் கீழே பொத்தானை மாட்டும்போது கண்ணீர் மறைத்தது. அழகாகத்தான் இருந்தார். ஆனால் அது என் கிளி இல்லை.

"ஏண்டி, நீதானே கேட்டே? இப்ப எதுக்கு மூக்கைச் சிந்தறே?"

"ஒண்ணுமில்ல மதினி. பச்சையைக் கொடுங்க, துவைச்சு வைக்கிறேன்."

வாங்கி என் பெட்டிக்குள் வைத்தேன். இன்றுவரை துவைக்கவும் இல்லை, திருப்பிக் கொடுக்கவும் இல்லை.