ஆரப்பாளையத்தில் இறங்கி வாடிப்பட்டியில் ஏறிய ஓசோன்

மதுரை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் திண்டுக்கல் வண்டி ஒன்று உறுமிக் கரும்புகையைக் கக்கியதும், ஓசோன் மீட்டரில் எண் சரசரவென்று இறங்கியது. ஏறும் என்றுதான் நினைத்திருந்தேன். மதியம் பன்னிரண்டரைக்குப் பதினெட்டில் நின்றது.

மீட்டர் பானு அக்கா கல்லூரியிலிருந்து கொண்டுவந்தது. எங்கள் மாடி வீட்டில் இருக்கிறார். ஓசோன் பற்றி ஆராய்ச்சி செய்கிறார். உயர வானத்தில் நம்மைக் காக்கும் அதே ஓசோன், கீழே நாம் மூச்சு விடும் காற்றில் கூடினால் நெஞ்சுக்கு ஆகாதாம். தனியே வெளியூர் அனுப்ப அவர் அம்மா சம்மதிக்கவில்லை. அதனால் நான் துணை. 2008 பங்குனியில் இரண்டு நாள்.

எனக்கும் ஒரு காரணம் இருந்தது. தங்கச்சி செல்விக்கு மூச்சிரைப்பு. நல்ல காற்று கிடைக்கட்டும் என்று வாடிப்பட்டியில் சித்தி வீட்டில் விட்டுப் படிக்கவைத்தோம். அங்கேயும் கோகோ விளையாடி வந்த சாயங்காலமெல்லாம் இரைக்கிறது. "இனி பள்ளிக்கூடம் வேணாம், வீட்டுக்கே வரட்டும்" என்று அப்பா சொல்லிவிட்டார். என்னையும் ஒன்பதாவதில் இப்படித்தான் நிறுத்தினார்கள். செல்விக்குப் படிப்பு வரும்.

மறுநாள் வாடிப்பட்டிக்குக் காலை ஆறு மணி பஸ். இருபத்தைந்து கிலோமீட்டர், ஆளுக்கு எட்டு ரூபாய். கண்டக்டர் மீட்டர் பெட்டியை முறைத்தார்.

"என்ன தாயி, உள்ள பாம்பா?"

நான் அக்காவின் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். அக்காதான், "காத்தளக்குற மிஷின்ணே" என்றார்.

"பெட்டிக்கு லக்கேஜ் போடுறேன். காத்துக்கு வேணாம், போங்க."

பள்ளிக்கூட மைதானத்தை ஒட்டிய வயலில் பெட்டியை வைத்தோம். (வெயிலில் வைக்காதீர்கள், சூடேறிவிடும். குடை கொண்டுபோங்கள்.) ஏழரைக்குப் பதினொன்று. அப்போது காற்று குளுகுளுவென்று இருந்தது. மணியாக ஆக எண்ணும் ஏறியது. மூன்று மணிக்கு நாற்பத்தேழு. புகை விடும் வண்டி ஒன்றுகூடப் பக்கத்தில் இல்லை.

"மிஷின் கெட்டுப்போச்சாக்கா?"

"இல்லடி. வண்டிப்புகை வெளிய வந்ததுமே பக்கத்துல இருக்குற ஓசோனைத் தின்னுரும். மிச்சப் புகை காத்தோட இங்க வந்து, வெயில் பட்டு ஓசோனாகும்."

"அப்ப பஸ் ஸ்டாண்டுதான் நல்லதா?"

"அடி லூசு! அந்தப் புகை அதைவிட மோசம்."

அக்காவின் கல்லூரியில் ஓசோனைக் கணக்குப் போட்டுச் சொல்லும் கம்ப்யூட்டர் மாடல் ஒன்று உண்டு; அது என்ன சொல்கிறது என்று கேட்டேன். அது நாட்டைப் பெரிய கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு மாதம் ஒரு எண் தருமாம். மதுரை, மேலூர், வாடிப்பட்டி மூன்றும் ஒரே கட்டம். இந்த மாதத்துக்கு முப்பது. வெயில் காலத்தில் ஏறுவதும் மழையில் இறங்குவதும் அதற்குச் சரியாக வருகிறது. ஒரே நாளில் பதினொன்று நாற்பத்தேழாவது அதில் தெரியவே தெரியாது. செல்வி மூச்சு வாங்குவது மாதச் சராசரியிலா?

அப்போது மைதானத்தில் விசில் கேட்டது. கோகோ பயிற்சி தினமும் மூன்று மணிக்குத்தான். செல்வி வரிசையில் மூன்றாவதாகக் குந்தியிருந்தாள். என்னைப் பார்த்துக் கையாட்டினாள்.

"இதனாலதான் இரைக்குதாக்கா?"

"ஒரு நாளை வச்சு அடிச்சுச் சொல்ல முடியாதுடி. ஆனா காலையில விளையாடிப் பாக்கலாம். டீச்சர்கிட்ட கேட்டாத்தான என்ன?"

மூச்சிரைப்பு உள்ளவர்களோடு கோடையில் இந்தப் பக்கம் வருகிறவர்கள், சுற்றுவதையெல்லாம் காலை பத்து மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். வயல்வெளிதானே என்று மதியத்தில் ஓட விடாதீர்கள். மாத்திரை கையில் இருக்கட்டும்.

அக்கா பெட்டியை மூட ஆரம்பித்தார். நான் தாவணியைச் சரிசெய்துகொண்டு, கேட்டைத் தள்ளி, விளையாட்டு டீச்சரைப் பார்க்க உள்ளே போனேன்.