தூங்கும்போது நடந்த பாடம்

சாப்ட்வேர் எழுதிப் பிழைப்பவர்களுக்குப் பரீட்சை முடிவதே இல்லை. என்னைப் போல அகப்பட்டுக்கொண்ட உங்களுக்குத் தெரியாததா?

மறுபடியும் முதல் வகுப்பு

பதினெட்டு வருஷமாக எனக்குச் சோறு போட்ட கணினி மொழியை எங்கள் கம்பெனி கைவிட்டது. மூன்று மாதத்தில் புது மொழியில் தேர்வு. தேறாவிட்டால் வேலை போய்விடும். தேர்வு வைப்பவன் ஆதர்ஷ், ஒரு காலத்தில் என்னிடம் வேலை பழகியவன். என் முகத்தில் பயத்தைப் பார்த்துச் சொன்னான்: "பேடிக்காதீங்க அக்கா, இதைச் சின்னப் பிள்ளையளே படிச்சிருது."

ஜன்னல் சீட்

வீட்டில் படிக்க நேரமேது? குழித்துறையிலிருந்து திருவனந்தபுரம் போகும் காலை ரயிலில், போனில் ஒரு சார் நடத்தும் வீடியோ பாடம் பார்ப்பேன். மழை விட்ட ரப்பர் தோட்டங்கள் ஜன்னலோரம் மிதந்து போகும். பாறசாலை வருமுன்னே கண் சொக்கிவிடும். கனவில் நான் எழுதுவதெல்லாம் ரப்பர் பால் மாதிரி சொட்டுச் சொட்டாக, ஒரு தப்பில்லாமல் இறங்கும். அந்தச் சுகத்தை என்ன சொல்ல!

பக்கத்து சீட் ஸ்டெல்லா ஆஸ்பத்திரி நர்ஸ், என் வயதுதான். இயர்போனின் ஒரு முனை அவள் காதில் இருக்கும். ஒருநாள் உலுக்கி எழுப்பினாள்: "ஏட்டி, அந்த மனுசன் தமிழ்ல இவ்வளவு பாடுபட்டுச் சொல்லுகாரு, நீ வாயைப் பொளந்து உறங்குதியே!"

ட்யூட்டி மாற்றம்

ட்யூட்டி மாறும்போது நோயாளியின் நிலவரத்தை எழுதி அடுத்த நர்ஸிடம் ஒப்படைப்பார்கள். ஸ்டெல்லா எனக்கும் அப்படியே எழுதித் தர ஆரம்பித்தாள்.

"7.10: உறங்கியாச்சு. 7.15: சார் ஒரு பெட்டியைத் திறந்தார். உள்ளே இன்னொரு பெட்டி, அதற்குள்ளும் பெட்டி. காலிப் பெட்டி வந்ததும் நிறுத்தி, வந்த வழியே திரும்ப வேண்டும். நிறுத்தாவிட்டால் மெஷினுக்கு மூச்சு முட்டும்."

இதற்கெல்லாமா சீட்டு என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "எங்க வார்டுல இப்படி எழுதலைன்னா ஆளு செத்துப்போவும் மக்கா."

காலிப் பெட்டி

தேர்வில் அதையேதான் கேட்டார்கள். ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் போய், உள்ளே இருக்கும் கோப்புகளையெல்லாம் எண்ண வேண்டும். கண்ணை மூடினேன். நாற்காலி ரயிலாக ஆடியது. பெட்டிகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. காலிப் பெட்டி வந்தால் நிறுத்து என்பதை முதலில் எழுதினேன். ஆதர்ஷ் திரையை இரண்டு முறை பார்த்துவிட்டு, பாஸ் என்றான்.

மறுநாள் ரயிலில் ஸ்டெல்லாவிடம் சொல்லும்போது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவள் என் போனை வாங்கி அடுத்த பாடத்தைப் போட்டாள். "செரி, நீ உறங்கு. நான் பாத்துக்கிடுதேன்."

தூங்கியவளுக்குச் சான்றிதழ் கிடைத்துவிட்டது; முழித்திருந்து படித்தவள் இன்னும் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டிருக்கிறாள்.