இடது கைக்கு ஒரு வேலை

வேலையில் அடிபட்டவர் டாக்டர் சீட்டோடு திரும்பினால் இலகுவான வேலை தரவேண்டும் என்பது எங்கள் சமஸ்தானத்து விதி. மேலிடத்து உத்தரவு மட்டும் வேண்டும். சாலைக்குக் கல் உடைத்து வலது கை நசுங்கிப்போன ஒருவர், திங்கட்கிழமைதோறும் திருவரங்குளத்திலிருந்து நடந்தே என்னிடம் வருவார். சும்மா நிற்கமாட்டார். வேலைக்குத் தகுதி என்று காட்ட, இடது கையால் அலுவலகப் பானையில் தண்ணீர் நிரப்புவார்.

"ஒத்தக் கையால என்ன வேலை பார்ப்பீங்க?" என்றேன்.

"தபால் பையைத் தோள்லதானங்க மாட்டுறாக? ஒங்களுக்கு ரெண்டு கையும் இருக்கு, எங் கடுதாசி நகரலையே!"

மேலிடத்துக்கு ஒன்பது நினைவூட்டுக் கடிதங்கள் எழுதினேன். அதற்குமேல் குமாஸ்தாவுக்கு அதிகாரமில்லை. மார்ச் மூன்றாம் தேதி சமஸ்தானமே இந்தியாவோடு இணைந்துவிட்டது. அவரைச் சமஸ்தானத் தபால் சேவகராக அமர்த்தலாம் என்ற உத்தரவு என் மேசைக்கு வந்தது, 1948 மார்ச் நான்காம் தேதி.