புல்கியின் தண்ணீர்க் கோப்பை

"நேத்து தண்ணியே குடிக்கலையா அண்ணி? நரம்பு எங்கேயோ போய் ஒளிஞ்சிக்கிச்சே" என்று என் முழங்கை மடிப்பைத் தட்டிக்கொண்டே திட்டுகிறார் நிதாய் ஹால்தார். காலை ஆறரை மணி. எனக்குச் சர்க்கரை, மாதம் ஒருமுறை வெறும் வயிற்றில் அவரிடம் திட்டு வாங்குவது பழகிவிட்டது. "அந்தக் காலண்டரைப் பாருங்க. எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், அவ்வளவுதான்." பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் ரத்தம் குழாயில் ஏறியிருக்கும்.

கல்கத்தா பாக்பஜாரில் எங்கள் சந்திலும் பக்கத்துச் சந்துகளிலும் அவர் குத்தாத கை இல்லை. ஒரு பரிசோதனைக் கூடத்துக்காக இருபத்தாறு வருஷமாகச் சைக்கிளில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கிறார். அவர் மணியடித்தால் குழந்தைகள் கட்டிலுக்கடியில் புகுந்துகொள்ளும். அவர் கை நடுங்கி யாரும் பார்த்ததில்லை.

எங்கள் எதிர் மாடியில் அவரும் புல்கி என்ற பூனையும் மட்டும்தான். அவளுக்கு வயது பதிமூன்று, ஒரு காது மட்டும் கறுப்பு. ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்டால், "புல்கி ஒத்துக்க மாட்டா" என்பார். அவள் பிறப்பதற்கு முன்னால் யார் ஒத்துக்கொள்ளவில்லை என்று இதுவரை சொன்னதில்லை.

இந்தச் சித்திரை வெயிலில் புல்கி மெலிந்துபோனாள். சிறுநீரகம் பழுது, நிறையத் தண்ணீர் உள்ளே போக வேண்டும் என்றார் மிருக டாக்டர். தானாகக் குடிக்காவிட்டால் ஒருநாள் விட்டு ஒருநாள் தோலுக்கடியில் ஊசி போட்டு சலைன் ஏற்ற வேண்டுமாம். "உங்களுக்கு இதெல்லாம் ஒரு வேலையா?" என்று சிரித்தாராம். "என் கையால இவளைக் குத்த மாட்டேன் டாக்டர். நான் குடிக்க வெக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்தார் நிதாய்.

அன்றிலிருந்து அந்த வீடு தண்ணீர்ப்பந்தல். கட்டிலுக்கடியில் எவர்சில்வர் கிண்ணம், அரிசிப் பானைக்குப் பக்கத்தில் கண்ணாடிக் கிண்ணம், குளியலறை வாசலில் பித்தளைத் தட்டு. புல்கி ஒவ்வொன்றையும் முகர்ந்துவிட்டு, கடன்காரனைப் பார்த்தவள் போல நகர்ந்துவிடுவாள். மீன் வேகவைத்த தண்ணீர் கொடுத்துப் பார்த்தார். உப்பும் மஞ்சளும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதைக் கேட்ட மீன்காரி ஷெஃபாலி அரிவாள்மணையிலிருந்து நிமிர்ந்தே விட்டாள்.

"உப்பு மஞ்சள் இல்லாம மீனா? வெளியில சொல்லிடாதீங்கண்ணே, சாதியைவிட்டுத் தள்ளி வெச்சிடுவாங்க." சொல்லிக்கொண்டே இரண்டு குட்டி மீனைச் சும்மா தூக்கிப் போட்டாள். புல்கி மூன்று நக்கு நக்கியதோடு சரி.

பிறகுதான் மண் கோப்பை வந்தது. முனைக் கடையில் தேநீர் குடித்துவிட்டுத் தூக்கி எறிவோமே, அதே கோப்பை. புல்கி அதில் வாயை வைத்ததும் சந்தே கேட்கும்படி கூவினார்: "மண் வாசனை புடிச்சுப் போச்சு அண்ணி!" தினமும் காலையில் புதுக் கோப்பை ஒன்றில் தண்ணீர் நிரப்பி, பென்சிலால் கோடு போட்டு, ஜன்னல் திண்டில் வைத்துவிட்டு வேலைக்குப் போவார். சாயங்காலம் வந்து பார்த்தால் தண்ணீர் ஒரு விரற்கடை இறங்கியிருக்கும். பத்து நாள் ஊரெல்லாம் இதே செய்தி. ஊசி குத்தும்போதுகூட, "என் புல்கியைப் பாருங்க, எவ்வளவு சமத்தாக் குடிக்கிறா" என்று நோயாளிகளை மட்டம் தட்டினார்.

பதினோராம் நாள் கொஞ்சம் பாயசம் கொடுக்கப் போனேன். புல்கியின் பிடரித் தோலை மெல்லத் தூக்கிவிட்டேன். உடம்பில் தண்ணீர் இருந்தால் உடனே படிந்துவிட வேண்டிய தோல், தூக்கினபடியே நின்றது. "வயசாச்சில்ல, தோல் தொங்கத்தான் செய்யும்" என்றார் என்னைப் பார்க்காமல்.

ஜன்னலில் இருந்த கோப்பையை எடுத்தேன். திண்டில் ஈர வட்டம். கோப்பையின் வெளிப்புறமும் நசநசவென்றிருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. அந்தப் பத்து நாள் சந்தோஷத்தை நானா கலைக்க வேண்டும் என்று என்மேலேயே கோபம் வந்தது. அவரே கோப்பையை வாங்கி வெளிப்புறத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"புது மண்ணு" என்றார் கடைசியில். "கோப்பைதான் குடிச்சிருக்கு அண்ணி."

டாக்டர் கொடுத்திருந்த சலைன் பை அலமாரியில் பிரிக்காமல் கிடந்தது. எடுத்து, உடம்புச் சூட்டுக்கு வரும்வரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்திருந்தார். கொசுவலை ஆணியில் மாட்டினார். புல்கியை என் மடியில் விட்டார். ஊசியை உறையிலிருந்து எடுத்தவர் திரும்பவும் உறையில் போட்டார், மறுபடி எடுத்தார்.

"எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், அவ்வளவுதான்" என்றார் அவளிடம்.

ஊசி இறங்கியது. புல்கி அசையவில்லை. குழாயில் சொட்டு விழத் தொடங்கியது.

அவர் வீட்டில் காலண்டர் கிடையாது. ஊசியை இரண்டு விரலால் பிடித்தபடியே, நிதாய் வெறும் சுவர்ப் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஆச்சா அண்ணி?"